மருந்தும் குண்டும்: திண்டுக்கல் நாட்டுத் துப்பாக்கி வரலாற்றில் அளவையின் இடம்

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டைத் (152) தமிழ் கற்றார் யாவரும் அறிவர். ஓரியின் ஓர் அம்பு யானையை வீழ்த்திப் புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, இறுதியில் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்தது என்பது அப்பாட்டின் செய்தி. புலவர் வில்லாளனின் கைத்திறனைப் புகழ்ந்தாரேயன்றி, அம்பின் எடையையும் நாணின் இறுக்கத்தையும் அளந்து கூறினாரல்லர். அது புலவர் கடனும் அன்று. வேட்டைத் திறனைப் பற்றிய நம் நினைவு முழுவதும் இன்றளவும் இவ்வழியிலேயே செல்கின்றது. குறி தப்பாமை கண்ணிலும் கையிலும் உள்ளது என்று கொள்கின்றோம். வில்லுக்கு இது பெரும்பாலும் பொருந்தும்; துப்பாக்கிக்குப் பொருந்தாது. துப்பாக்கியைப் பிடிப்பவன் எத்துணை வல்லவனாயினும், குழலினுள் இட்ட மருந்தின் அளவும் குண்டின் பொருத்தமும் ஒருமுறைக்கு ஒருமுறை வேறுபடின், குறி அவன் கையில் இல்லை. ஆகவே துப்பாக்கியின் வரலாறு என்பது ஒருவகையில் அளவையின் வரலாறே ஆகும். திண்டுக்கல் நாட்டுச் சான்றுகளைக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திண்டுக்கல்லை யாம் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. தென்னாட்டில் பாறைமேற் கோட்டையும், அதனைச் சூழ்ந்த சமவெளியும், அச்சமவெளியின் மேற்கே 7,000 அடி உயர்ந்த பழனிமலைத் தொடரும் ஓரிடத்தே அமைந்துள்ளன. கோட்டைப்போர்த் துப்பாக்கியும் மலைவேட்டைத் துப்பாக்கியும் ஒரே நாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வழங்கின. அகரம், தாடிக்கொம்பு முதலிய குடகனாற்றங்கரை ஊர்களிலிருந்து நோக்கினால் கிழக்கில் சிறுமலையும் மேற்கில் பழனிமலையும் ஒருங்கே தோன்றும். கோட்டையை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் எடுப்பித்தார் என்பதும், திருமலை நாயக்கர் அதனை விரிவாக்கினார் என்பதும் பலரும் எழுதியவை; அவற்றை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை.

முதற்கண் சொற்களை நோக்குவோம். துப்பாக்கி என்பது துருக்கிய மொழியிலிருந்து வந்த சொல். பீரங்கி என்பது பறங்கியரைக் குறித்த சொல்லின் வழிவந்தது. தோட்டா இந்துத்தானியிலிருந்து பெற்றது. கருவியின் பெயர்கள் இவ்வாறு பிறமொழியினவாக இருக்க, அக்கருவியை இயக்கும் செயல்களின் பெயர்கள் தமிழாக இருத்தல் கருதத்தக்கது. குழலினுள் மருந்தையும் குண்டையும் இட்டுக் கோலால் இறுக்குதலைக் கெட்டித்தல் என்றனர். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே அடைப்பது தக்கை. பொறி எழுப்பும் உறுப்பு குதிரை. வெடிக்கும் ஓசை வேட்டு. வந்த கருவியை வாங்கிக்கொண்ட மக்கள், அதனைக் கையாளும் தொழிலைத் தம் சொற்களாலேயே கற்றனர் என்பதற்கு இவை சான்று.

இவற்றுள் மிகவும் நுண்ணிய சொல் மருந்து. நோய் தீர்க்கும் பொருளின் பெயர் உயிர் போக்கும் பொருளுக்கு ஏன் வந்தது? தமிழில் மட்டும் இவ்வழக்கு இருப்பின் இடக்கரடக்கல் எனலாம். ஆனால் கன்னடத்தில் மத்து எனவும், தெலுங்கில் மந்து எனவும் வழங்கும் சொற்களும் இவ்விரு பொருளையும் தருவன. பாரசீகத்திலிருந்து இந்துத்தானியில் வழங்கிய தாரு என்ற சொல்லும் அவ்வாறே. ஒல்லாந்தர் மொழியில் வெடிமருந்தைக் குறிக்கும் சொல் பச்சிலை, மூலிகை என்னும் பொருளுடைய சொல்லோடு ஒன்றாயிருப்பதும் நோக்கத்தக்கது. தக்காண அரசுகளின் படைகள் வழியாகத் தாரு என்பதன் இருபொருளும் தென்மொழிகளில் மொழிபெயர்ந்து அமைந்தன என்பதே யாம் கொள்ளும் முடிபு. எனினும் அம்மொழிபெயர்ப்பு நிலைபெற்றமைக்கு உள்நாட்டுக் காரணமும் ஒன்று உண்டு. வெடியுப்பும் கந்தகமும் சித்தமருத்துவர் கையாண்ட சரக்குகள். வெடியுப்பைப் பொட்டிலுப்பு என்றும் அவர்கள் குறித்தனர். இடித்தல், சலித்தல், நிறுத்தல், ஈரம் போக உலர்த்தல் ஆகிய செயல்கள் மருத்துவனுக்கும் வெடிமருந்து செய்வானுக்கும் பொதுவாயின. இருவருக்கும் அளவு பிழைப்பின் பயன் கெடும்.

வெடிமருந்தின் மூன்று பொருள்களுள் முக்காற்பங்கு வெடியுப்பே. இதனை மண்ணிலிருந்து எடுத்தோர் உப்பிலியர் எனப்பட்ட மக்கள். உவர்மண்ணை நீரில் கரைத்து, வடித்து, காய்ச்சி உப்பு எடுத்தல் அவர்தம் குலத்தொழில். அதே தொழில்முறையால் கறியுப்பும் வெடியுப்பும் கிடைத்தன. இங்கேயே அளவையின் முதற் சிக்கல் தோன்றுகின்றது. வெடியுப்பில் கறியுப்பு சிறிது கலந்து நின்றாலும் அது காற்றின் ஈரத்தை ஈர்க்கும். ஐப்பசி மழையில் அத்தகைய மருந்து நமுத்துப்போகும். எரியும் வேகம் குறையும். சித்திரை வெயிலில் நூறு கெசத்தில் குறி தவறாத துப்பாக்கி கார்த்திகையில் தாழச் சுடும். சுடுவோன் தன் கண்ணையோ காலத்தையோ நொந்துகொள்வான். குற்றமோ உப்பில் இருந்தது. கரிக்கு எருக்கங்குச்சியும் துவரை மிளாறும் விரும்பப்பட்டன. அவை எளிதில் பற்றி ஒருசீராக எரியும் மென்கரி தருவன. இன்றும் ஊர்த்திருவிழாக்களில் வாணமும் வேட்டும் செய்வோரிடம் எருக்கங்கரியின் சிறப்பைக் கேட்கலாம்.

இனி, குண்டின் பொருத்தம். 18ஆம் நூற்றாண்டில் கும்பினிப் படையினர் ஏந்திய துப்பாக்கியின் குழல்வாய் ஓர் அங்குலத்தில் முக்கால் அளவுடையது. அதனுள் இட்ட ஈயக்குண்டோ ஏறத்தாழ 0.69 அங்குலமே. இத்துணை இடைவெளி விட்டமைக்குக் காரணம், கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேற்பட்டது புகையாகவும் கசடாகவும் எஞ்சுவதே. சில வேட்டுகளுக்குப் பின் குழலின் உட்புறம் கசடேறிச் சுருங்கும். குண்டு இறுக்கமாக இருப்பின் போர்க்களத்தில் கெட்டிக்க இயலாது. விரைவுக்காகக் குறியை விட்டுக்கொடுத்தனர். தளர்ந்த குண்டு குழலின் சுவரில் மாறிமாறி மோதி, இறுதியாக எப்பக்கம் மோதியதோ அதற்கு ஏற்பச் சுழன்று வெளியேறும். ஆதலின் நூறு கெசத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிவைத்தல் வீண் முயற்சியாயிற்று.

இவ்வுண்மையை முதன்முதல் கணிதமுறையால் நிறுவியவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742இல் வெளிவந்த அவரது நூல், ஊசலில் தொங்கிய மரக்கட்டையைக் குண்டு தாக்கும்போது அஃது ஆடும் அளவைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணித்தது. நொடிக்கு ஏறத்தாழ 1,700 அடி என்ற வேகம் அக்காலத்தார் எதிர்பாராதது. 1747இல் புரி வெட்டிய குழலைப் பற்றி இலண்டன் அரசுக் கழகத்தில் அவர் ஒரு கட்டுரை படித்தார். குழலின் உட்சுவரில் திருகுபோல் புரி வெட்டினால் குண்டு ஒரே அச்சில் சுழன்று நேர்செல்லும் என்றும், இக்கருவியின் இயல்பை முற்ற உணர்ந்து தன் படைக்கு அளிக்கும் நாடு பிற நாடுகளை விஞ்சும் என்றும் அவர் கருதினார். அவர் இறந்த இடம் தமிழகம் என்பதை நம் வரலாற்று நூலார் பெரும்பாலும் எடுத்துரைப்பதில்லை. கும்பினியின் கோட்டைகளைச் செப்பனிடும் பொறியியல் தலைவராக வந்த ராபின்ஸ், 1751 சூலைத் திங்களில் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் செயிண்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலால் மாண்டார்.

அவர் மறைந்து நான்காண்டுகள் கழித்து, 1755இல், ஐதர் அலி திண்டுக்கல்லின் பௌசுதாராக அமர்ந்தார். இந்நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர் அனைவரும் ஐதரின் எழுச்சிக்கு முதற்படியாகக் கொள்வர். மைசூர் வரலாறு எழுதிய மார்க் வில்க்சு, திருச்சிராப்பள்ளி, சீரங்கம், புதுச்சேரி ஆகிய இடங்களிலிருந்து பிரெஞ்சு வினைஞரின் மேற்பார்வையில் தொழிலாளரைப் பெற்று, பீரங்கிப் படையும் படைக்கலச்சாலையும் மருந்துச்சாலையும் ஐதர் திண்டுக்கல்லில் ஒழுங்குசெய்தார் என்று கூறுகின்றார். மருந்துச்சாலை என்று யாம் பெயர்த்த இடத்தில் ஆங்கில மூலத்தில் நிற்கும் சொல்லுக்கு இக்காலப் பொருள் ஆய்வுக்கூடம் என்பது. அப்பொருளைக் கொண்டு, ஐதர் திண்டுக்கல்லில் அறிவியல் ஆய்வுக்கூடம் நிறுவினார் என்று உரைப்பின் அது பொருந்தாது. 18ஆம் நூற்றாண்டுப் படைவழக்கில் அச்சொல் மருந்தை நிறுத்து, காகிதத்தில் பொதிந்து, தோட்டாவும் திரியும் ஆயத்தம் செய்யும் கொட்டிலைக் குறித்தது. எனவே வில்க்சு கூறுவது ஆராய்ச்சியை அன்று. அளவிட்டுப் பொதியும் தொழிலை. நம் கருத்தில் இதுவே மேலும் சிறந்த செய்தி.

ஏன் எனில், அதுகாறும் பாளையப் படைகளில் வழங்கிய திரித்துப்பாக்கிக்கு வீரன் கொம்பிலிருந்து மருந்தைத் தன் மதிப்பால் கொட்டுவான். ஒருவன் கொட்டும் அளவு வேறு, மற்றவன் கொட்டும் அளவு வேறு. ஒருவனே அச்சத்தில் கொட்டும் அளவும் அமைதியில் கொட்டும் அளவும் வேறு. காகிதத் தோட்டாவிலோ அளவு முன்னரே கொட்டிலில் முடிவாகிவிடுகின்றது. கும்பினித் துப்பாக்கியின் தோட்டாவில், பற்றுமருந்தும் உட்பட, ஏறத்தாழ 6 திராம் மருந்து இருந்தது. அக்கால வராகன் எடையில் சொன்னால் மூன்று வராகனுக்குச் சிறிது மேல். நூறு பேர் ஒருங்கே சுடும்போது நூறு குண்டுகளும் ஒரே தொலைவில் வீழ்வதற்கு இதுவே அடிப்படை. பாளையக்காரரிடம் துப்பாக்கிகள் இல்லாமையே அவர்தம் தோல்விக்குக் காரணம் என எழுதுவாரும், கைத்துணிவே போதும் என எழுதுவாரும் உளர். இரு சாராரும் கருவியின் எண்ணிக்கையை நோக்கினரே அன்றி, அதனுட் சென்ற அளவை நோக்கினாரல்லர். நாட்டுப்பாடல்களும் இதற்கு உதவா. அவை போரின் ஓசையைப் பாடுவன, மருந்தின் எடையைப் பாடுவன அல்ல.

அளவிட்ட மருந்தும் தீர்ந்துபோகும் என்பதற்குத் திண்டுக்கல் கோட்டையே சான்று. 1783 மே மாதம் கர்னல் இலாங்கிடம் வீழ்ந்து, 1784ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கையால் திப்புவிடம் மீண்ட அக்கோட்டையை, 1790 ஆகசுடில் கர்னல் சுடூவர்ட்டு முற்றுகையிட்டார். பெரும்பீரங்கிகளுக்குரிய குண்டும் மருந்தும் அருகிவிட்ட நிலையில், மதிலில் போதிய பிளவு உண்டாகுமுன்னரே ஏறித் தாக்க நேர்ந்தது, தாக்குதல் முறியடிக்கப்பட்டது. எனினும் மறுநாட் காலையில் கோட்டையினர் தாமே பணிந்தனர். வெளியில் இருந்தோரின் மருந்துப் பைகள் வெறுமையாயினமையை உள்ளிருந்தோர் அறிந்திருப்பின் வரலாறு சிலநாளேனும் வேறாகியிருக்கும். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் கும்பினிக்கு உரியதாயிற்று.

அடுத்த பத்தாண்டுகள் கிளர்ச்சிக் காலம். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் திண்டுக்கல் கூட்டணிக்குத் தலைமை தாங்கி, 1801இல் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு திசம்பர் முதல் நாள் ஆளுநர் எட்வர்டு கிளைவு வெளியிட்ட அறிக்கை, பாளையங்களில் படைக்கலம் வைத்திருத்தலைத் தடுத்தது, கோட்டைகளும் தகர்க்கப்பட்டன. துப்பாக்கிகளைப் பறித்தது மட்டுமே இதன் விளைவு என எண்ணுதல் குறைபாடுடைத்து. மருந்து இடித்தவனும் ஈயம் உருக்கிக் குண்டு வார்த்தவனும் குழல் கடைந்தவனும் தத்தம் தொழிலிலிருந்து நீங்கினர். கருவி பறிபோனால் மீண்டும் வாங்கலாம். இரு தலைமுறை செய்யாத தொழிலை மீட்டல் அரிது. சில குடும்பங்கள் வாணத்தொழிலில் தஞ்சம் புகுந்தன என்று கொள்ள இடமுண்டு. 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்தலை இந்தியருக்குக் குற்றமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. இவ்விலக்கு நம் பொருளுக்கு இன்றியமையாதது. ஏனெனில் திண்டுக்கல் நாட்டில் மருந்தும் குண்டும் பற்றிய நுண்ணாய்வு இதன்பின் உழவர் கையிலோ மலைவாழ் பளியர் கையிலோ வளர வழியில்லாமற் போயிற்று. மலையில் பங்களா கட்டிய அதிகாரிகளின் பொழுதுபோக்காய் அது மாறிற்று.

1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைப் படையைச் சேர்ந்த தக்ளசு ஆமில்டன் பழனிமலையை அளந்து வரைந்தார். பேரிஜம் அருகே அவர் பெயரால் ஆமில்டன் கோட்டை என்று ஓரிடம் இன்றும் உண்டு. கோட்டை என்பது பெயரளவே. ஆனைமலை, நீலகிரி, பழனிமலை ஆகியவற்றில் அவர் ஆடிய வேட்டைக் குறிப்புகள் 1892இல் நூலாக வெளிவந்தன. பாறைச் சரிவில் வாழும் வரையாடு அவ்வேட்டைக்காரர்கள் பெரிதும் விரும்பிய விலங்கு. அது கூர்ந்த பார்வையுடையது; அணுக விடாது. காட்டில் முப்பது கெசத்தில் புலியைச் சுடுவோனுக்கு மருந்தின் சிறு வேறுபாடு தெரியாது. வரையாட்டை இருநூறு முந்நூறு கெசத்தில் சுட முயல்வோனுக்கு அவ்வேறுபாடே எல்லாம்.

இதனைச் சிறு கணக்கால் விளக்குவோம். விழும் பொருள் ஒரு நொடியில் 16 அடியும், அரை நொடியில் 4 அடியும் விழும் என்பது யாவரும் அறிந்த விதி. சராசரி நொடிக்கு 2,000 அடி வேகத்தில் செல்லும் குண்டு நூறு கெசத்தைக் கடக்க 0.15 நொடி கொள்ளும். அதற்குள் அது விழுவது நான்கு அங்குலத்துக்குச் சற்று மேல். முந்நூறு கெசத்தைக் கடக்க 0.45 நொடி ஆகும்; விழுவது 39 அங்குலம். மருந்தின் குறையால் வேகம் நூற்றுக்கு ஐந்து குறைகிறது என்று கொள்வோம். நூறு கெசத்தில் அதனால் வரும் பிழை அரை அங்குலம், எவரும் உணரார். முந்நூறு கெசத்தில் வரும் பிழை நான்கு அங்குலம். முன்னது நெஞ்சில் பட்டது பட்டதே. பின்னது, சுடுவோன் கையின் இயல்பான நடுக்கமும் சேர, விலங்கின் நெஞ்சுக்குக் கீழே சென்று காலை முறிக்கும். காலொடிந்த விலங்கு மலைச்சரிவில் மறைந்து பலநாள் துன்புற்று மடியும். தொலைவுவேட்டையில் அளவை என்பது வெறும் திறமைப் போட்டியன்று. அறத்தின்பாற்பட்டதும் ஆகும் என்பதை இக்கணக்கே காட்டும்.

அக்கால வேட்டைக்காரர் இச்சிக்கலை மூன்று வழிகளில் அணுகினர். முதல் வழி பருங்குண்டும் பெருமருந்தும். இலங்கையின் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், 1840இல் பிரிசுடல் நகரக் கிப்சு என்பாரைக் கொண்டு செய்வித்த துப்பாக்கி 21 பவுண்டு எடையுடையது; ஒருமுறைக்கு 16 திராம், அதாவது முழுதாக ஓர் அவுன்சு மருந்து கொண்டது. யானைக்கு இது தகும், மலையேறுவானுக்குத் தகாது. இரண்டாவது வழியை இந்தியாவில் பணியாற்றிய ஜேம்சு போர்சைத்து 1860களில் வெளியிட்ட தம் நூலில் வகுத்தார். புரியின் சுழற்சியை மிகவும் மெதுவாக்கினால், நெய்ச்சீலை சுற்றிய உருண்டைக் குண்டு மிகுதியான மருந்தின் வேகத்தையும் தாங்கிப் புரியை விட்டு நழுவாது என்பது அவர் கண்ட முடிபு. குழலும் குண்டும் மருந்தும் ஒன்றையொன்று நோக்கி அமைதல் வேண்டும், ஒன்றை மாற்றின் மற்றவற்றையும் மாற்றல் வேண்டும் என்ற கருத்து அவர் நூல் முழுதும் ஓடுகின்றது. மூன்றாவது வழி நீள்குண்டு. பிரெஞ்சுக்காரர் மினியே 1849இல் அமைத்த, அடி குழிந்த குண்டு, சிறியதாக உட்சென்று, மருந்து வெடிக்கும்போது விரிந்து புரியைப் பற்றியது. குழலின் இடைவெளிச் சிக்கல் நூறாண்டுக்குப் பின் இவ்வாறு தீர்ந்தது. 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியில் கொழுப்பிட்ட தோட்டா வகித்த இடத்தை யாம் நினைவூட்ட வேண்டுவதில்லை. அத்தோட்டா இவ்வகைத் துப்பாக்கிக்கு உரியதே.

1866 முதல் பித்தளைக் கோது வந்தது. மருந்து, குண்டு, தீமூட்டி மூன்றும் ஒரே கோதில் அடங்கின. சுட்டபின் கோதை எடுத்து, தீமூட்டியை மாற்றி, மருந்தை நிறுத்து இட்டு, தக்கை வைத்து, குண்டு பொருத்தி மீண்டும் பயன்படுத்தலாம். திருச்சிராப்பள்ளி - மதுரை இருப்புப்பாதை 1875இல் அமைந்தபின், அம்மையநாயக்கனூரில் இறங்கிப் பழனிமலை ஏறிய துரைமார்களின் மூட்டைகளில் மதுப்புட்டிகளோடு தராசும் கோதுப்பெட்டியும் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பொற்கொல்லன் குன்றிமணியால் பொன் நிறுப்பதும், இவர்கள் கிரெயின் என்னும் எடையால் மருந்து நிறுப்பதும் நுண்மையில் ஒப்பானவை. ஒரு குன்றி ஏறத்தாழ இரண்டு கிரெயின். ஆங்கில அளவையில் கிரெயின் என்பது கோதுமை அல்லது வாற்கோதுமை மணியின் பெயரே என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. விதையால் எடையிடுதல் இரு நாட்டுக்கும் பொது.

கருமருந்தின் காலம் முடிந்து புகையற்ற மருந்து வந்தபோது அளவையின் முறை முற்றிலும் மாறிற்று. 1888இல் ஆங்கிலப் படைக்கு வந்த .303 துப்பாக்கி முதலில் 70 கிரெயின் கருமருந்தைக் கொண்டது. பின்னர் கார்டைட் வந்தபோது, ஏறத்தாழ 31 கிரெயினே அதனினும் மிகுந்த வேகம் தந்தது. ஒரு கிரெயின் பிழை முன்னையினும் இருமடங்கு பெரிதாயிற்று. கருமருந்தைக் கரண்டியால் முகந்தளந்த பழக்கத்தில் புகையற்ற மருந்தையும் முகந்தளந்தோர் குழல் வெடித்துக் கண்ணிழக்கும் இடருக்கு ஆளாயினர். முகத்தலளவைக்கும் நிறுத்தலளவைக்கும் உள்ள வேறுபாட்டைத் தொல்காப்பிய உரைகளிற் படிக்கும் மாணவர், அது உயிரைக் காக்கும் வேறுபாடாகவும் ஆகலாம் என்பதை இவ்விடத்தே உணர்வர்.

கார்டைட் செய்யும் தொழிற்சாலை நீலகிரியின் அருவங்காட்டில் 1903-04ஆம் ஆண்டுகளில் தோன்றியது. குளிர்ந்த மலையை அதற்குத் தெரிந்தெடுத்தமையோடு சேர்த்து எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. கார்டைட் வெப்பத்துக்கு ஏற்ப வேகமாக எரியும் இயல்பினது. இங்கிலாந்தின் குளிரில் நிறுத்திட்ட அளவு, திண்டுக்கல்லின் சித்திரை வெயிலில் கோதுக்குள் அழுத்தத்தை மிகுவிக்கும். கோது குழலில் ஒட்டிக்கொள்ளும், சிலபோது துப்பாக்கியே சிதையும். ஆதலின் இங்கிலாந்துத் தோட்டாத் தொழிலகங்கள் வெப்பநாட்டுக்கெனச் சிறிது குறைத்த அளவில் தனித்தோட்டா செய்தன. இரட்டைக்குழல் ரைபிள்களுக்கு இது மேலும் இன்றியமையாததாயிற்று. அவற்றின் இரு குழல்களும் ஒரே புள்ளியில் சுடும்படி பொருத்தப்படுவன. அப்பொருத்தம் குறிப்பிட்ட ஒரு தோட்டாவுக்கு மட்டுமே உரியது. வேறு தோட்டாவை இட்டால் ஒரு குழல் வலமும் மற்றொன்று இடமும் சுடும்.

சமவெளியில் சரிபார்த்த துப்பாக்கியை மலைக்கு எடுத்துச் செல்வோன் மேலும் இரு மாற்றங்களைக் கருத வேண்டும். 7,000 அடி உயரத்துக் காற்று, கோடைக்காலத்துச் சமவெளிக் காற்றினும் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. அது குண்டைத் தடுப்பதும் குறைவு. எனவே தொலைவில் குண்டு எதிர்பார்த்ததினும் உயரப் படும். குளிரோ மருந்தின் வேகத்தைக் குறைத்துக் குண்டைத் தாழ்த்தும். இரண்டும் எதிர்எதிரானவையாயினும் ஒன்றையொன்று முழுதும் ஈடுசெய்யா. அன்றியும், செங்குத்தான சரிவில் கீழ்நோக்கிச் சுடும்போது குண்டின் வீழ்ச்சிக்குக் கிடைத்தளத் தொலைவே கணக்காகும்; சரிவின் நீளம் அன்று. இதனை அறியாதார் வரையாட்டின் முதுகுக்கு மேலே சுட்டுவிட்டுத் துப்பாக்கியைக் குறைகூறுவர்.

குண்டின் வடிவமும் இக்காலத்தே பெரிதும் மாறிற்று. சிறுவாய்க் குழலின் வேகமான குண்டு விலங்கின் உடலை ஊசிபோல் துளைத்துச் சென்றது; விலங்கு வீழவில்லை. கல்கத்தாவை அடுத்த தம்தம் படைக்கலச்சாலையில் 1896-97இல் குண்டின் மேலுறையை முனையில் திறந்துவிட்டு, பட்டவுடன் விரியுமாறு செய்தனர். எல்லைப்புறப் போரில் மனிதர்மேல் அது பயன்பட்டது. 1899இல் ஏக் நகர மாநாடு விரியும் குண்டைப் போரில் விலக்கிற்று. வேட்டைக்கோ அதுவே இன்றுவரை ஏற்ற குண்டு. விரைந்து வீழ்த்தலே விலங்குக்குச் செய்யும் இரக்கம் என்பது அதன் நியாயம். மனிதனுக்குக் கொடுமை எனப்பட்டதே விலங்குக்கு அருள் எனப்படுவது வியப்பே. தொலைவுக் குண்டில் இன்னொரு முரணும் உண்டு. காற்றைக் கிழித்துச் செல்ல அது மெலிந்து நீண்டிருத்தல் வேண்டும். தொலைவில் வேகம் தளர்ந்தபின்னும் விரிதல் வேண்டும். அருகில் முழுவேகத்தில் பட்டாலோ சிதறலாகாது. அமெரிக்கரான சான் நாசுலர் 1948இல் விற்பனைக்குக் கொணர்ந்த இடைத்தடுப்புடைய குண்டு, முன்பாதி விரியப் பின்பாதி குலையாது நிற்கும்படி அமைந்து இம்முரணுக்கு ஒருவகைத் தீர்வு தந்தது. இன்றைய தொலைவுவேட்டைக் குண்டுகளும் இதே வினாவுக்கு விடை தேடுவனவே. மேனாட்டில் வேட்டைக்காரர் தம் துப்பாக்கிக்கு உகந்த அளவைத் தாமே தேடிக் காண்பர். கோதுகளை ஒரே நீளத்துக்கு வெட்டி, மருந்தை ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை நிறுத்து, குண்டு கோதினுள் அமரும் ஆழத்தைச் சிறிது சிறிதாக மாற்றிச் சுட்டுப் பார்ப்பர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல் அவர்தம் நெறி; இரண்டை ஒருங்கே மாற்றின் எது காரணம் என்பது தெரியாது.

நம் நாட்டில் அந்நெறி வளர வாய்ப்பில்லை. படையின் .303 தோட்டா குடிமக்களுக்குத் தடுக்கப்பட்டதால் .315 என்ற வேறு அளவு இங்கு வழங்கலாயிற்று. 244 கிரெயின் மென்முனைக் குண்டுடைய ஒரேவகைத் தோட்டாவே அரசு தொழிற்சாலைகளிலிருந்து கிடைத்தது. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தோட்டா செய்தலுக்கும் உரிமம் வேண்டும் என விதித்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே முடித்தது. துப்பாக்கிக்கு இலக்காயிருந்த வரையாடு இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதனைக் காக்க 2023இல் தனித்திட்டமும் தொடங்கப்பெற்றது. முந்நூறு கெசத்தில் அதனை நோக்குவோர் இப்போது தொலைநோக்கியால் எண்ணிக் கணக்கெடுக்கின்றனர்.

தொழில் மறைந்தபின் எஞ்சியவை சொற்களே. அவையும் இடத்துக்கு இடம் வேறு நிலையில் உள்ளன. கெட்டித்தல் என்பதன் துப்பாக்கிப் பொருளை இன்றைய திண்டுக்கல் இளைஞர் அறியார். வேட்டுப் போடுவோரிடம் அஃது இன்னும் கேட்கப்படும். தக்கை புட்டியின் வாயோடு நின்றுவிட்டது. ஈழத்தமிழில் துப்பாக்கிக் குண்டைச் சன்னம் என்பர். செய்தித்தாள்களிலும் அச்சொல் வழங்குகின்றது. தமிழகத்திலோ சன்னம் என்றால் அரிசியின் மென்மையும் நூலின் நுண்மையுமே நினைவுக்கு வரும். பருங்குண்டுக்கு எதிராகச் சிறுகுண்டைக் குறித்த பழைய வழக்கு ஈழத்தில் பொதுச்சொல்லாக விரிந்து, இங்கே வழக்கொழிந்தது என்று கொள்ளுதல் பொருந்தும்.